குடிக்காமல் வைத்த காப்பி

தபித்தாவைப் பெட்டி கட்டி அனுப்பிவிடுவது என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர்கள் அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கும் மிஷன் தலைமையகத்தார். பதிமூன்று வயதானால் மிஷனரிப் பிள்ளைகள் ஜெர்மனியிலுள்ள விடுதிப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் போட்ட சட்டம். போட்டவர்களில் ஒருவருக்காவது இந்த அரபு நாட்டுக் கராக் மலையில் ஒரு தெருவின் பெயர் தெரியுமா? தெரியாது. ஆனால் தபித்தா எங்கே வளர வேண்டும் என்பது மட்டும் தெரியுமாம்!

அவள் அப்பா வெண்டல் பல் டாக்டர். ஊரில் பாதிப் பேரின் கடைவாய்ப் பல் அவர் இடுக்கியில்தான் வந்தது. வேதம் சொல்ல வந்த மனிதர். வாய்களைத் திறக்க வைத்த அளவுக்கு மனங்களைத் திறக்க வைத்தாரா என்றால், அதைத் தலைமையகத்துக்கு எழுதும்போது கொஞ்சம் மழுப்பித்தான் எழுதுவார். தங்கமான ஆள்தான், ஆனால் தலைமையகம் என்று காதில் விழுந்தாலே எழுந்து நின்றுவிடுவார். அம்மா லோர்னாவும் மிஷனரி வீட்டுப் பெண். அந்தக் கால வழக்கப்படி ஆறு வயதிலேயே விடுதியில் விடப்பட்டவள். அங்கே எப்படி இருந்தது என்று கேட்டால், "படிப்பு நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கையிலிருக்கும் பாத்திரத்தை இன்னும் அழுத்தித் தேய்ப்பாள்.

தபித்தாவைக் கையோடு அழைத்துப் போகத் தலைமையகத்திலிருந்து ஹாலிஸ்டர் வந்து இறங்கியிருந்தார். காலைச் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஜன்னல் வழியாக ரொட்டிக்காரனிடம், நேற்றைய ரொட்டியைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அரபியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பிரதர் வெண்டல், இந்தப் பொண்ணு கனவுகூட அரபியிலதான் காணும்போல" என்றார் ஹாலிஸ்டர். "இன்னும் ஒரு வருஷம் விட்டோம்னா இவ நம்ம பொண்ணா இருக்க மாட்டா."

"ஆமா பிரதர்" என்றார் அப்பா.

அந்த 'ஆமா பிரதர்' கேட்டதும் தபித்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரொட்டியை வீசிவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அபூ ஃபவாஸ் அந்தத் தெருவுக்கே பெரிய தலை. முற்றத்தில் உட்கார்ந்து மீசையை வாரிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, பொண்ணு கேட்டுப் போற மாதிரி பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வருவீங்களா?"

"அடி கழுதை, யாரைக் கட்டிக்கப் போற?"

"கட்டிக்கறதுக்கு இல்ல. என்னை இந்த ஊருக்குக் கேட்டு வாங்கறதுக்கு."

போன மாதம் அவர் மகளைப் பெண் கேட்டு வந்தபோது கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் அவள். வந்தவர்களின் தலைவர் காப்பிக் கிண்ணத்தை வாங்கி, வாய் வைக்காமல் தரையில் வைத்துவிடுவார். கேட்டது கிடைக்காமல் குடிக்க மாட்டார். காப்பி ஆறிப்போனால் வீட்டுக்காரருக்கு ஊரில் தலைகாட்ட முடியாது. வீட்டின் பெரியவர் அந்தக் கிண்ணத்தைத் தன் கையால் எடுத்துக் கொடுத்துவிட்டால் சம்மதம். அதற்குப் பிறகு ராஜாவே வந்தாலும் மாற்ற முடியாது.

அபூ ஃபவாஸ் மீசைக்குள் சிரித்தார். "உங்க வீட்டுல எல்லாம் ஒரே அச்சு. சரி, வரேன். ஆனா கேட்டு வாங்கினா நீ என் பொறுப்பு. கணக்குப் பரீட்சையில கோட்டை விட்டேன்னு வை, என் மீசை போச்சு!"

கணக்கு தபித்தாவுக்கு ஆகவே ஆகாது. இருந்தாலும் தலையாட்டினாள்.

சாயங்காலம் அபூ ஃபவாஸ் முன்னே வர, பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் மேலங்கியும் தலைத்துணியுமாக வந்து கூடத்தை நிறைத்தார்கள். ஹாலிஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே வேத வசனம் கேட்கத் திரண்டு வந்துவிட்டது என்று நினைத்துக் காமிராவைத் தேடினார். யாரும் சொல்லாமலே லோர்னா பித்தளைக் கெண்டியோடு வந்து காப்பி ஊற்றினாள். அபூ ஃபவாஸ் கிண்ணத்தை வாங்கினார், தரையில் வைத்தார். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"டாக்டரே, ஒரு காரியமா வந்திருக்கோம். அது முடியாம இந்தக் காப்பி என் தொண்டையில இறங்காது. இந்தப் பொண்ணு எங்க தெருவுல நடை பழகினவ. அவளை எங்ககிட்ட இருந்து பிடுங்காதீங்க. பல்லு மட்டும் போதும்."

அப்பா ஹாலிஸ்டர் பக்கம் கையைக் காட்டினார். "முடிவு என் கையில இல்ல, அபூ ஃபவாஸ். இங்க பெரியவர் இவருதான்."

எல்லா மீசைகளும் ஹாலிஸ்டர் பக்கம் திரும்பின.

"என்ன சொல்றாங்க?" என்று அரபி தெரியாத அவர் தபித்தாவிடம் கேட்டார்.

மிஷனரி வீட்டுப் பெண் பொய் சொல்லலாமா? கூடாது. உண்மையில் வேண்டியதை மட்டும் கிள்ளிக் கொடுக்கலாம்.

"இங்க நீங்கதான் பெரியவர்னு சொல்றாங்க, அங்கிள்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்புறம் ஏன் அவர் காப்பி குடிக்கல?"

"நீங்க மனசு வெக்காம குடிக்க மாட்டாரு."

ஐயோ பாவம், அந்த மனிதர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். குனிந்து கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து அபூ ஃபவாஸ் கையில் வைத்தார். தபித்தாவே வாயைப் பிளந்தாள். கையால் எடுத்துக் கொடுக்கச் சொல்லி அவள் சொல்லவே இல்லையே!

அபூ ஃபவாஸ் ஒரே மடக்கில் குடித்தார். கூடம் அதிர்ந்தது. "உங்க ஆயுசு நீளட்டும்!" என்று ஆளாளுக்கு ஹாலிஸ்டரின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் குலவையிட்டார்கள். ஹாலிஸ்டர் சந்தோஷத்தில் எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்.

அவர்கள் போன பிறகு அப்பா வியர்க்க வியர்க்க விஷயத்தைச் சொன்னார். ஹாலிஸ்டர் குதித்தார். "இது மோசடி! செல்லாது! நாளைக்கே இவளைக் கூட்டிட்டுக் கிளம்பறேன்!"

தபித்தா அப்பாவைப் பார்த்தாள். 'ஆமா பிரதர்' வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்ல பிரதர்" என்றார் அப்பா. "குடுத்ததைத் திரும்ப வாங்கினா இந்த ஊர்ல எவனும் எங்கிட்ட வாயைத் திறக்க மாட்டான். அப்புறம் நாங்க எல்லாருமே உங்களோட கிளம்ப வேண்டியதுதான்."

ஹாலிஸ்டர் தொப்பென்று உட்கார்ந்தார். படமும் எடுத்தாயிற்று, முத்தமும் வாங்கியாயிற்று. சட்டென்று லோர்னாவைப் பார்த்தார். "சிஸ்டர், காலையில நீங்கதானே சொன்னீங்க? பெரியவர் யாராவது காப்பியைக் கீழ வெச்சா, ரெண்டு கையாலயும் எடுத்துக் குடுக்கணும்னு?"

"மரியாதைன்னு சொன்னேன், பிரதர்" என்றாள் லோர்னா. "மரியாதைதானே?" கெண்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

தபித்தா பின்னாலேயே ஓடினாள். "அம்மா! அவங்க வருவாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ இன்னைக்குத்தான் அபூ ஃபவாஸ் வீட்டுக்குப் போன. நான் நேத்தே போய்க் கேட்டுட்டேன்."

"நீயா? நீ எதுவுமே பேச மாட்டியே!"

லோர்னா அபூ ஃபவாஸ் குடித்த கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். வழக்கம்போல அழுத்தித் தேய்க்கவில்லை. அடியில் ஒட்டியிருந்த மண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எனக்கு ஆறு வயசுடி அப்போ" என்றாள். "எனக்காக ஒருத்தர்கூட வந்து காப்பியைக் கீழ வெக்கல."