எண்ணெய்க் கை

மூன்றாவது முறையாகச் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார் மெக்கானிக். கூடத்தில் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் வண்டி வந்து நின்றாயிற்று. நக இடுக்குக் கறுப்பு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. காலமெல்லாம் ஊறிய என்ஜின் எண்ணெய், இன்றைக்கா போய்விடப் போகிறது?

அந்தக் கையால்தான் வம்பே. அவள் ஆராய்ச்சிக்காரி. உலோகத் தகட்டின் மேல் ஒளியைப் பாய்ச்சி, தெறித்து வரும் எலக்ட்ரான்களைப் பிடித்து, மேற்பரப்பில் என்ன இருக்கிறது என்று சொல்பவள். துருவை அண்டவிடாத படலம் ஒன்று தகட்டின் தோலுக்கடியில் தானாகவே உருவாகிறது, வரைபடத்தில் தெரியும் சின்ன மேடு அதுதான் என்றாள். மேடாவது மண்ணாவது, வீட்டுக்காரர் கை எண்ணெய் ஒட்டியிருக்கும் என்று கருத்தரங்கில் ஒரு பெரிய மனிதர் கிண்டலடிக்க, அரங்கமே சிரித்ததாம். அவள் அதை மறந்துவிட்டாள். இவருக்குத்தான் அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. தகட்டின் பக்கமே போகாதவர்தான். ஆனாலும் அவள் பையை, மூக்குக் கண்ணாடியைத் தொட்டவராயிற்றே.

அந்த ஒளியை உண்டாக்கும் பெரிய மெஷினான ஒளி வளையத்தில் இன்றைக்குத்தான் மறுபடி முறை கிடைத்திருந்தது. தன் உயிரே போனாலும் மெஷினை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று மகளிடம் நேற்றே சொல்லியனுப்பினாள். காலையில் அவள் உயிரும் போய்விட்டது. மகளுக்குப் பெற்றவளைவிட மெஷின் பெரிதாகிவிட்டதா என்று மெக்கானிக்கின் அக்காள் முணுமுணுத்தாள். இனியும் தாமதிக்க முடியாது என்று மைத்துனர் வந்து நின்றார்.

"அவ வராம எடுக்க முடியாது" என்றார் மெக்கானிக்.

மகள் செருப்போடு ஓடி வந்தாள். கண் வீங்கியிருந்தது, முகமோ ஜெயித்த முகம்.

"அப்பா, ஒளியோட சக்தியைக் கூட்டினா இன்னும் ஆழத்துல இருந்து எலக்ட்ரான் வரும். மேல ஒட்டின எண்ணெயா இருந்தா அந்த மேடு சின்னதாகியிருக்கணும். வளர்ந்துக்கிட்டே போச்சுப்பா. அம்மா சொன்னதுதான் சரி."

"அப்போ என் கை இல்லையே?"

"உங்க கை இல்லப்பா."

துக்க வீடென்றும் பாராமல் அவர் வாய்விட்டுச் சிரித்தார். கூடவே அழுகையும் வந்தது. "கேட்டியா? ஜெயிச்சுட்டே" என்று மனைவியிடம் குனிந்து சொன்னார்.

மகள் உறை போட்ட விரலால் டப்பாவிலிருந்து தகட்டை எடுத்தாள். நகத்தளவுதான். பழக்கத்தில் அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தொடுங்கப்பா. இதை அளந்து முடிச்சாச்சு. வேற நாலு இருக்கு."

வெறுங்கையால் வாங்கி மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். அவள் விரல்களை மடக்குமுன் பார்த்தார். பளபளப்பின் நடுவே அவருடைய கட்டைவிரல் ரேகை விழுந்திருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.