கழற்றிவைத்த ஒயர்

வாஷிங் மெஷினின் கண்ணாடிக் கதவில் ஹிஸ்கா உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அரைமணி நேரமாக ஓடியும் தண்ணீர் சூடேறாமல் பச்சைத் தண்ணீராகவே இருந்தது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது அப்பாவின் நீலச் சட்டை. நாளை சவப்பெட்டியை மூடும்போது அவர் அதைத்தான் போட்டிருக்க வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம்.

"குளிர்காலம் முழுக்க இப்படித்தான்டி," என்றாள் அம்மா. "சரி பண்ணுங்கன்னா, இந்தக் காலத்து சோப்புக்குச் சுடுதண்ணி எதுக்கும்பாரு உங்கப்பா. சரியான கஞ்சன்!"

அந்தக் கஞ்சன் முன்னறையில் படுத்திருந்தார். உடல் கெடாமலிருக்க முதுகுக்கு அடியில் வைத்த குளிர்ப்பலகையின் மோட்டார் மெல்ல உறுமியது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா காலையிலிருந்து ஒரே பாட்டு: "மூச்சு முட்டுறப்பகூட மனுஷன் அசரல. பயம்னா என்னன்னே தெரியாது அவருக்கு."

ஹிஸ்கா தண்ணீரை வடித்து, பிளக்கைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றினாள். ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஒயர்களும் தனியே கிடந்தன. தானாகக் கழன்றவை அல்ல. நுனிகளில் கறுப்பு டேப் சுற்றி, கடைசியில் ஒரு மடிப்பு. அது அப்பாவின் கைவேலை. இவ்வளவுதானா என்று டேப்பை உரித்து, ஒயர்களை மாட்டி, மெஷினை ஓடவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் 'டப்' என்று சத்தம். விளக்குகள் அணைந்தன. முன்னறை உறுமலும் நின்றது.

"ஐயோ, அவரோட மெஷின்!" அம்மா ஓடினாள்.

ஹிஸ்கா பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வாசலோர மீட்டர் பெட்டியில் விழுந்துகிடந்த சுவிட்சைத் தூக்கிவிட்டாள். உறுமல் திரும்பியது. இப்போது குளிர்ப்பலகை ஓடுகிற அதே பிளக் பாயிண்டில்தான் கடைசி நாள்வரை அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் ஓடியது. தண்ணீர் சூடேறினால் கரண்ட் போகும். கரண்ட் போனால் அவருக்கு மூச்சுப் போகும். பத்தடி நடந்தால் இளைக்கிற மனுஷன், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து இங்கே மண்டிபோட்டிருக்கிறார். பயந்து நடுங்கியிருக்கிறார், வாயைத் திறக்காமல்.

ஒயர்களைத் திரும்பக் கழற்றி, நுனிகளில் டேப் சுற்றினாள். அம்மா வந்து நின்றாள்.

"என்னடி கோளாறு?"

"பழசாயிடுச்சும்மா. இனி சூடாகாது."

அம்மா குனிந்து அந்த டேப்பைப் பார்த்தாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"வர்றவங்ககிட்ட எதுவும் சொல்லிக்காத," என்றாள். "ராத்திரியானா என் கையை விடவே மாட்டாருடி. தூங்கினப்புறமும் விடமாட்டாரு."

அழைப்பு மணி அடித்தது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு காபி ஊற்றப் போனாள்.

ஹிஸ்கா கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்துத் தொட்டியில் ஊற்றி, சட்டையைக் கையாலேயே துவைத்தாள். பிழிந்து, ரேடியேட்டர்மேல் விரித்து, சுருக்கங்களை நீவிவிட்டாள். ஈரச் சட்டையின் கைநுனியை அவளுடைய விரல்கள் பிடித்தபடியே இருந்தன.