இந்த வீட்டு ஆள்

கூட்டேரிப்பட்டில் பூமாலை வீட்டுக்கு வேலைவாய்ப்புக் கணக்கெடுக்கப் போயிருந்தேன். வீட்டில் எத்தனை பேர் என்றதும், "மூணு பேருங்க மேடம்" என்றாள். அவளும் மகளும்தான் இருந்தார்கள்.

"வீட்டுக்காரரு சென்னையில மால்ல செக்யூரிட்டி. திருமுருகன்னு எழுதுங்க. போயி ரெண்டு வருசம் ஆவுது."

ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்குபவரை இந்த வீட்டு ஆளாக எழுதக் கூடாது. அவர் சென்னைக் கணக்கில் வருவார், சேவைத் துறை வளர்வதாக மாநிலம் காட்டும் எண்ணிக்கையில் சேர்வார் என்று விளக்கினேன். சொல்லும்போதே அந்த விதியின்மேல் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அங்க அவர யாரு கேக்கறாங்க? ஒரே ரூம்ல பத்து பேரு படுத்துக்கினு கெடக்கறாங்க. நீங்க மறுபடி எப்ப வருவீங்க?"

"மூணு மாசம் கழிச்சு."

"தேதி சொல்லுங்க. அன்னிக்கு வரச் சொல்றேன். நேர்ல பாத்தா எழுதுவீங்க இல்ல?"

எழுத முடியாது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம மால்ல லீவு தரமாட்டாங்க. செவ்வாக்கெழமையா சொல்லுங்க."

செவ்வாய் என்றேன். நான் செருப்பு மாட்டுவதற்குள் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கவர்மெண்டுல வர்றாங்க. நீங்க கண்டிப்பா வீட்ல இருக்கணுமாம்."

நான் மறுக்கவில்லை.