வைட்டமின் புட்டி

1.
விடுதிக்குப் புதிதாக வந்துள்ள மாணவிகளுக்கான கையேட்டில் சேர்ப்பதற்கு, வீட்டைப் பிரிந்து வாழ்வதைப் பற்றித் 'தைரியமூட்டும் சிறுகதை' ஒன்று வேண்டுமென்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு பக்கக் கடிதத்தில் ஒன்பது பிழைகள். முப்பத்துநான்கு ஆண்டுகள் சிவப்பு மையோடு வாழ்ந்தவன் நான். திருத்தித் திருப்பியனுப்பக் கை பரபரத்தது. அனுப்பவில்லை. அந்த விடுதியில் எனக்கு ஒரு காரியம் இருந்தது.

2.
முதல் தொடக்கம்: சிறகு முளைத்த பறவை கூட்டைவிட்டு (வேண்டாம். பறவைக்கு மாத்திரை தேவையில்லை.)

இரண்டாம் தொடக்கம்: மகள் விடுதிக்குக் கிளம்புவதற்கு முந்திய பிற்பகலில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலி வைட்டமின் புட்டியொன்றைக் கழுவித் துடைத்தார். அவளுடைய வலிப்பு மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி அதனுள் போட்டார். வெற்று அட்டைகளைப் பொடிப்பொடியாகக் கத்தரித்துக் குப்பைக்கடியில் புதைத்தார்.

"கூடத் தங்குற பொண்ணுகிட்டயாவது சொல்லணுங்க," என்றாள் மனைவி.

"சொன்னா மறுநாளே விடுதி முழுக்கப் பரவிடும். நாளைக்கு அவளுக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வேண்டாமா?"

"விழுந்து கிடந்தா, வைட்டமின் குடுத்து உக்கார வைப்பாங்களா?"

அவர் மகளைக் கூப்பிட்டார். யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று மகளிடம் வாக்கு வாங்கினார். வாங்கிய கையோடு அவள் பெட்டியின் பூட்டை மும்முறை இழுத்துப் பார்த்தார்.

3.
இந்த ஆசிரியரை என்னால் நம்ப முடியவில்லை. படித்த மனிதர் ஒருவர் இவ்வளவு கோழையாக இருப்பாரா? (இருப்பார். அட்டைகளை நறுக்கிய கத்தரிக்கோல் இதோ, என் மேசைமேல் கிடக்கிறது.)

4.
விடுதிக்குப் போன மூன்றாம் வாரம் என் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, பக்கத்துக் கட்டில்காரி எங்கூடப் பேசறதில்ல."

"ஏம்மா?"

"வைட்டமின் ஒண்ணு தாடின்னு கேட்டா. தரல. கஞ்சப்பிசினாறின்னு பேரு வச்சுட்டா. அவ முன்னாடி புட்டியை எடுக்கவே கூசுது. நேத்து போடல. முந்தாநேத்தும் போடல."

"இப்பவே போடு. அவகிட்ட உண்மையைச் சொல்லிடு. நான் வாங்கின வாக்கு செல்லாது."

"இப்ப எப்படிப்பா சொல்றது? பொய்க்காரின்னு இன்னொரு பேரு வைப்பா. நீங்க ஆரம்பிச்சு வச்சது, நீங்களே சொல்லுங்க. கதைதான் எழுதறீங்களே."

அன்று அவள் மாத்திரை போட்டாளா என்பது எனக்குத் தெரியாது.

5.
முடிவு ஒன்று: அறைத்தோழி இக்கதையைப் படித்தாள், சிரித்தாள், இருவரும் சமாதானமாயினர். (இவ்வளவு எளிதாக முடிவதை நான் நம்பும் நிலையில் இல்லை.)

முடிவு இரண்டு: கையேடு அச்சாகிவரும் முன்பே, ஒரு காலையில், குளியலறைத் தரையில் அவள் (இவ்வாக்கியத்தை முடிக்க மாட்டேன். வாழ்நாளில் அஞ்சி நான் முடிக்காமல் விட்ட வாக்கியம் இஃதொன்றே.)

6.
ஆகவே, பக்கத்துக் கட்டிலில் இதைப் படித்துக்கொண்டிருப்பவளே, உன்னிடம் கேட்கிறேன். கேட்டும் தராத கஞ்சப்பிசினாறி எவளேனும் உன் அறையில் இருக்கிறாளா? அவள் புட்டியில் இருப்பது வைட்டமின் அன்று. அவள் விழுந்து துடித்தால், தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள். ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் திணிக்காதே. உடனே ஆளைக் கூப்பிடு. பொய் அவளுடையது அன்று, என்னுடையது.

இதற்குமேல் கதை உன் அறையில் நடக்கிறது. அங்கே என் பேனா எட்டாது. கையேட்டை மூடு. இன்று மாத்திரை போட்டாயா என்று அவளைக் கேள்.