நிற்க முடியாதவள் ஓடிய ஓட்டம்

எட்டு மணி நேரம் நின்று வேலை செய்ய என் உடம்பில் தெம்பில்லை என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்தார். முழங்கால் தேய்மானமாம், மூச்சிரைப்பாம். வருஷக்கணக்கில் ஒரே மேஜை முன்னால் நின்று சோப்புத்தூள் பாக்கெட் கட்டியவளுக்கு, புது மெஷின் வந்து இறங்கிய மாதத்தில்தான் முழங்கால் தேய்ந்திருக்கிறது. எனக்கு மட்டுமில்லை, பேக்கிங் செக்‌ஷனில் இன்னும் பதினொரு பெண்களுக்கும் அதே முழங்கால், அதே மூச்சு. கெட்டிக்கார மெஷின்தான்.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பன்னிரண்டு பேரும் தொழிலாளர் அலுவலகத்தில் கேஸ் போட்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை விசாரணை. டாக்டர் எழுதியது பொய் என்று அங்கே காட்ட முடியாவிட்டால் பன்னிரண்டு பேரும் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். அதற்கு முந்தைய வியாழக்கிழமை, கம்பெனி வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வெள்ளி விழாவுக்காக ஞாயிற்றுக்கிழமை அரை மாரத்தான். தொழிலாளர்கள் குடும்பத்தோடும் நண்பர்களோடும் வந்து ஓடலாம். ராயபுரத்தில் ஆரம்பித்து எர்ணாவூர் போய்த் திரும்பினால் இருபத்தொரு கிலோமீட்டர் என்று எங்கள் சங்கத்துத் திருமலை அண்ணன் படித்துச் சொன்னார்.

கேஸ் முடியும்வரை நானும் தொழிலாளிதான். பேரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

“இருவத்தியோரு கிலோமீட்டரா? இன்னா யசோ, மெண்டல் ஆயிட்டியா?” என்றார் என் வீட்டுக்காரர் குணசேகரன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். தூக்குவார், ஓடமாட்டார்.

“நிக்கவே முடியாதுன்னு எய்தி குட்த்தாரில்ல அந்த டாக்டரு? அவரு கண்ணு முன்னாடி ஓடிக் காட்றேன்.”

“அதுக்குப் பழகணும்டி. மூணு நாளுதான் கீது.”

“பழகறதா?” என் நாத்தனார் கெங்கம்மா குறுக்கே வந்தாள். “வருஷம் பூரா தண்ணி லாரி பின்னாடி ஓடினுகீறோமே, அது இன்னா சொம்மாவா? நானும் வரேன்.”

அவள் சொன்னது நியாயம்தான். அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷக் கோடை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். வியாசர்பாடியில் எங்கள் பிளாக்குகளுக்கு நடுவே லாரி எங்கே நிற்கும் என்று அதன் டிரைவருக்கே தெரியாது. ஹாரன் கேட்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். ஓடாதவள் வீட்டில் அன்றைக்குச் சோறு கிடையாது.

எதிரே மளிகைக்கடை வைத்திருக்கும் ரோஸ்மேரி அக்காவும் சேர்ந்துகொண்டாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, மெட்ராஸுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. “ஏட்டி, ஒனக்குக் கிறுக்குன்னா எனக்கும் கிறுக்குதான். கோயிலுக்கு அடுத்த வாரம் போய்க்கிடுதேன்” என்றாள். பெண்கள் மூவரும் கிளம்பியதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்து, அவரும் பேரைக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ராயபுரத்தில் நின்றோம். நான் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தேன். கெங்கம்மா ரப்பர் செருப்பு. ரோஸ்மேரி அக்கா மகளுடைய சுடிதார், அவளுக்கு அது ரொம்பவே இறுக்கம். சுற்றிலும் கம்பெனி ஆபீசர்கள் வெள்ளை வெள்ளையாய் ஷூ போட்டுக்கொண்டு காலை நீட்டி மடக்கிக் கொண்டிருந்தார்கள். மேடையில் மேனேஜருக்குப் பக்கத்தில் அந்த டாக்டர். என்னைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

ஓடினோம். காசிமேடு வரை நான் எதையும் யோசிக்கவில்லை. மீன் நாற்றம், ஐஸ் லோடு, ஏலம் போடுகிற சத்தம் எல்லாம் கடந்தது. அப்புறம் கடலோரச் சாலை. துறைமுகத்துக்குள் போக ஒன்றன்பின் ஒன்றாகக் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் லாரிகள். டிரைவர்கள் பல் விளக்கிக்கொண்டே எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தன், “அக்கா, யார இஸ்துகினு ஓடிட்டாங்கன்னு தொரத்துறீங்க?” என்றான். “உங்க மொதலாளியத்தான்” என்றாள் கெங்கம்மா. சிரித்ததில் எனக்கு விலா பிடித்துக்கொண்டது.

என் வீட்டுக்காரர் திருவொற்றியூர் தாண்டவில்லை. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். நானும் நின்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நீ இன்னாத்துக்கு நிக்கிற? நின்னியானா அந்த டாக்டரு சொன்னது நெசமாயிடும். ஓடுடி!” என்று கத்தினார். கல்யாணமானதிலிருந்து அந்த மனுஷன் என்னிடம் பேசிய பேச்சுகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

எர்ணாவூரில் திரும்பினோம். வெயில் ஏறிவிட்டது. ஆபீசர்கள் பாதிப்பேர் மோர் கொடுக்கிற பந்தலிலேயே தங்கிவிட்டார்கள். எனக்கு முழங்கால் வலித்தது, பொய் சொல்லமாட்டேன். நாற்பதை எட்டப்போகிற யாருக்கும் வலிக்கும். மூச்சும் இரைத்தது. மேனேஜர் ஓடினால் அவருக்கும் இரைக்கும். பேச்சை நிறுத்திவிட்டு மூன்று பேரும் தலையைக் குனிந்தபடி முன்னே போகிறவளின் காலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அந்த ஹாரன் கேட்டது. எங்களை உரசினாற்போல் ஒரு தண்ணி லாரி போனது. பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகி, ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே போயிற்று.

“லாரிடீ!” என்றாள் கெங்கம்மா.

சத்தியமாகச் சொல்கிறேன், எங்களில் ஒருத்தியும் யோசிக்கவில்லை. அதுவரை செத்துப்போயிருந்த கால்கள் பறந்தன. லாரி ஒரு தெருவுக்குள் திரும்பியது, நாங்களும் திரும்பினோம். இன்னொரு சந்து, அப்புறம் கடல் பக்கமாக நீண்ட ஒரு தெரு, அதன் கடைசிவரை. லாரி நின்றதும் ரோஸ்மேரி அக்காதான் முதல் ஆளாகக் குழாயைப் பிடித்தாள்.

“யாரும்மா நீங்க? எங்க தெரு லாரிய வந்து புடிக்கிறீங்க! கொடம் எங்க?” என்று ஒருத்தி இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். பின்னால் முழுத்தெருவும் குடங்களோடு நின்றது.

மூன்று பேரும் எங்கள் வெறுங்கைகளைப் பார்த்தோம். நெஞ்சில் நம்பர் குத்திய துணி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு பேர் பிழைப்பைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, பழக்கதோஷத்தில் தண்ணி லாரியைத் துரத்தியிருக்கிறேனே! விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்தவளே சிரித்துவிட்டாள். தன் குடத்திலிருந்து ஆளுக்கு ஒரு சொம்பு கொடுத்தாள். அந்தக் கோடையில் ஒரு சொம்பு தண்ணீரை யாரும் யாருக்கும் சும்மா கொடுக்கவில்லை. “ஓடு, ஓடு! வுடாத!” என்று தெரு முழுக்கச் சத்தம்.

மெயின் ரோட்டில் என் வீட்டுக்காரர் ஒரு மீன்பாடி வண்டியில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து எங்களைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தார். விட்ட முனைக்கே வந்து, அங்கிருந்து மறுபடி ஓடினோம். ராயபுரம் வரை வண்டி பக்கத்திலேயே வந்தது, அவரும் வாய் மூடாமல் கத்திக்கொண்டே வந்தார்.

மேடையை இன்னும் பிரிக்கவில்லை. நேரம் முடியவில்லை என்று கடிகாரத்தோடு நேரம் குறிக்கிறவரே சொன்னார். ஆனால் மெடல் கொடுக்கவில்லை. சைக்கிளில் பின்னால் வந்த கம்பெனி ஆள், நாங்கள் பாதை மாறிப் போனதாகச் சொல்லிவிட்டானாம். டாக்டர் முகத்தில் அப்போதுதான் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பை நினைத்து இரண்டு ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

செவ்வாய்க்கிழமை விசாரணையில் திருமலை அண்ணன் எழுந்து, இந்தம்மா ஞாயிற்றுக்கிழமை கம்பெனியின் ஓட்டத்தையே ஓடியவர் என்றார். அதிகாரி மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

கம்பெனி ஆபீசர் தயாராகத்தான் வந்திருந்தார். “அவங்க போட்டியை முடிக்கல சார். பாதியில ரூட்டை விட்டு விலகிப் போயிட்டாங்க. ஓடினதாவே கணக்கில்லை.”

“ஆமா சார், போனேன்” என்றேன். திருமலை அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார், உட்காரச் சொல்லி. நான் உட்காரவில்லை. “தண்ணி லாரி போச்சு, பின்னாடியே போய்ட்டேன். எங்க ஊர்ல அப்டித்தான். அப்பறம் வுட்ட எடத்துக்கே வந்து, அங்கேந்து ராயபுரம் வரிக்கும் ஓடுனேன். அந்தத் தெருவுக்குப் போனதும் வந்ததும் இவங்க போட்ட ரூட்டுல இல்ல சார். இவங்க சொன்ன இருவத்தியொண்ணும் ஓடி, அதுக்கு மேலயும் ஓடிகீறேன்.”

அதிகாரி கம்பெனி ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் டாக்டரைப் பார்த்தார். டாக்டருக்குப் பார்க்க ஆள் இல்லை.

“இவங்களாலதான் நிக்க முடியாதா டாக்டர்?” என்று அதிகாரி கேட்டார்.

டாக்டர் ஆபீசர் பக்கம் குனிந்தார். ஆபீசரும் அவரும் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு ஆபீசர் பெருந்தன்மையான முகத்தோடு எழுந்தார்.

“யசோதராவைப் பொறுத்தவரை மறுபரிசீலனை செய்யறோம் சார். அவங்க விஷயத்துல மட்டும் ஏதோ தப்பு நடந்திருக்கலாம். திங்கட்கிழமை வேலைக்கு வரட்டும். மத்தவங்க ஓடலையே, அவங்க ரிப்போர்ட் அப்படியே இருக்கும்.”

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு நொடி, மனசுக்குள் ஜில்லென்று இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அடுத்த நொடியே உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேராகப் போய் அறைக் கதவைத் திறந்தேன். வராந்தாவில் என் செக்‌ஷன் பெண்கள் பதினொரு பேரும் நின்றிருந்தார்கள். பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது, ஒருத்தியும் உட்காரவில்லை.

“தோ நிக்கிறாங்க சார், காலைலேந்து” என்றேன். “அவங்களும் ஓடித்தான் காட்டணும்னா ஓடுவாங்க. எந்த ரோடு, எத்தினி மணிக்குன்னு சொல்லச் சொல்லுங்க. இந்த தபா டாக்டரும் கூட ஓடி வரட்டும்.”