யாரும் செய்யாத வினை

நாலாம் மாதத்தில் கரு கலைந்த பிறகு இளமதி கீரனூர் வகுப்புக்குப் போவதையே விட்டுவிட்டாள். ஆசிரியர் தகுதித் தேர்வுக்காக ஞாயிறுதோறும் குளத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் படித்துக்கொண்டிருந்தவள். "பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கிப் போனா எப்புடித் தங்கும்?" என்று மாமியார் மருதாயி ஒரு தரம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனாலும் அது இளமதிக்குள் முள்ளாய்த் தைத்து நின்றுவிட்டது. "நீ என்ன செஞ்சிருந்தாலும் இது நின்னிருக்காதும்மா" என்று டாக்டரம்மா எடுத்துச் சொல்லியும் எடுபடவில்லை. சோறு வடிக்கும்போதும் துணி அலசும்போதும், போகாமல் இருந்திருக்கலாமே என்றுதான் மனசு ஓடும்.

அவள் கணவன் திருப்பதி நார்த்தாமலைப் பக்கம் கல் லாரி ஓட்டுகிறவன். பத்தாவதோடு நின்றவன். ஆறுதலாக நாலு வார்த்தை பேச வராது அவனுக்கு. மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை லோடு இல்லை. பரணில் கிடந்த அவளுடைய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு, அடுப்படியில் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"நான் கேக்குறேன், நீ சொல்லு. ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ். அப்புடின்னா என்ன புள்ள?"

அவள் அவரைக்காயை நறுக்கியபடியே வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். "பூனை பாலைக் குடிச்சுச்சு. செஞ்சவுகளை முன்னாடி நிறுத்துனா ஆக்டிவ், செய்வினை. பால் பூனையால் குடிக்கப்பட்டது. இது பேசிவ்."

செய்வினை என்ற சொல் மட்டும் கூடத்தில் படுத்திருந்த மருதாயியின் காதில் விழுந்தது. பதறியடித்து எழுந்து வந்தார். "செய்வினையா? யாருடி வச்சது? நான் அப்பவே நெனச்சேன்!"

"ஆத்தா, இது இங்கிலீசு செய்வினை!" என்றான் திருப்பதி.

இளமதிக்குச் சிரிப்பு பீறிட்டது. அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. மருதாயியும் அசடு வழியச் சிரித்து, நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அவன் அடுத்ததை எழுத்துக்கூட்டிப் படித்தான். "தி லீஃப் ஃபெல். இதை பேசிவ்ல மாத்து."

"இதை மாத்த முடியாதுங்க."

"ஏன்? பூனையால்ங்குற மாதிரி, 'பை'ன்னு ஒரு ஆளைப் போட்டா ஆச்சு."

"யாரைப் போடுவீங்க? எலை விழுந்துச்சு, அம்புட்டுத்தான். அதை யாரும் பிடுங்கலை, யாரும் தள்ளிவிடலை. அதுவா..."

அரிவாள்மணையில் கை அப்படியே நின்றது.

திருப்பதி அவள் முகத்தையே பார்த்தான். "அதுவா விழுந்துச்சா புள்ள?" என்றான் மெல்ல.

"ஆமாங்க. அதுவாத்தான் விழுந்துச்சு."

ஆஸ்பத்திரியில்கூட அழாதவள் அன்றைக்கு வாய்விட்டு அழுதாள். அவன் அரிவாள்மணையை அங்கிட்டு நகர்த்தி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மருதாயி நகர்ந்து வந்து அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார்.

"நான் சொன்னதை மனசுல வச்சுக்காத தாயி. கூறுகெட்டவ, என்னத்தையோ சொல்லிப்புட்டேன்."

அழுது முடித்து எழுந்தபோது நெஞ்சு லேசாகியிருந்தது. குழம்பு கொதிக்கும்வரை மிச்சக் கேள்விகளை அவளே எடுத்துப் படித்தாள். அடுத்த ஞாயிறு வகுப்புக்குக் கிளம்பியபோது, மருதாயி தூக்குச்சட்டியில் தயிர்ச்சோறு போட்டு எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தார்.

"சன்னலோரமா உக்காரு தாயி, காத்து வரும்" என்று சொல்லி அவளை ஏற்றிவிட்டார்.