பாதிப் பின்னல்

“அந்த மாடி ஜன்னலை மட்டும் ரொம்ப நேரம் பார்க்காதீங்க. அவளுக்குப் பிடிக்காது.”

சனிக்கிழமை மாலைகளில் குடைக்காரி இப்படிச் சொன்னதும் கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்க்கும். பார்க்கத்தான் சொல்கிறாள் என்று அவர்களுக்கும் தெரியும்.

நகரத்தின் இரைச்சல் தேய்ந்து மரங்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தப் பழைய குடியிருப்பு. முதன்முதலில் ரயில் வந்த காலத்து வீடுகள். குதிரை லாயங்கள் கார் ஷெட்டுகளாகியிருந்தன. வாசல் வளைவுகளில் செதுக்கியிருந்த வருஷங்களைப் பாசி பாதி தின்றிருந்தது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நடத்திக் கூட்டிப்போய்க் கதை சொல்வது அவள் வேலை. கூட்டம் சிதறாமலிருக்கச் சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடப்பாள். பெயர் அப்படி வந்ததுதான்.

அந்த ஜன்னல் பேய் அவளுடைய சொந்தத் தயாரிப்பு.

ஒரு மழை நாளில் கூட்டம் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றது. எதிரே பூட்டிக் கிடந்த வீடு. மாடியில் நீலக் கண்ணாடி ஜன்னல். வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டாள். தலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெண். ஒரு பக்கம் பின்னியாயிற்று, மறுபக்கம் விரித்துக் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து வாசலில் கெட்ட சேதி. ஜன்னலோரம் உட்கார்ந்தவள் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

கொட்டாவிகள் நின்றன. பேய்க்கு வேலை நிரந்தரமாயிற்று.

கதை பரவியதில் வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை. வாடகை சரிந்தது. அக்கா, கப்பலில் வேலைக்குப் போன அத்தான் திரும்பும்வரை, மகளோடு இருக்க இடம் தேடி அலைந்தபோது, குடைக்காரிதான் அந்த வீட்டைக் காட்டினாள்.

“பேய் இருக்குன்னு பேசிக்கிறாங்களேடி?”

“லூசா நீ? அதை உண்டாக்கினதே நான்தான். இந்த ஏரியாவிலேயே பேய் கிடையாதுன்னு நான் அடிச்சுச் சொல்லக்கூடிய ஒரே வீடு இதுதான்!”

இருவரும் சிரித்தார்கள்.

இன்று அக்கா சிரிக்கவில்லை. கூட்டம் வருவதற்கு முன்பே குடைக்காரியை வாசல் கேட் அருகே மறித்துக்கொண்டாள்.

“பாப்பா ஜன்னலை விட்டு நகர மாட்டேங்கறா. சாப்பாடு இறங்கலை. ரெண்டு பக்கமும் பின்னிவிட்டா ஒரு பக்கத்தைப் பிரிச்சுப் போட்டுடறா.”

“நான் கத்தறதைக் கேட்டு விளையாடறா அக்கா. குழந்தைதானே.”

“விளையாட்டா? ‘அந்த அக்கா வெளியே போகணுமாம். அவங்களுக்குப் பதிலா என்னை உக்காரச் சொன்னாங்க’ங்கறா. பச்சை ரிப்பன் வேணும்னு வேற பிடிவாதம். அந்த அக்கா கட்டியிருக்காங்களாம்.”

குடைக்காரி அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தாள்.

பச்சை ரிப்பன். அந்த மழை நாளில் மனதில் வந்தது வாஸ்தவம். நீலக் கண்ணாடிக்கு எடுபடாது என்று, சொல்லாமலே விழுங்கிவிட்டாள். அதற்குப் பிறகும் ஒரு உயிரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை.

“நீ வெச்ச பேய்” என்றாள் அக்கா. கண்கள் சிவந்திருந்தன. “நீயே எடு. எனக்கு என் பொண்ணு வேணும்.”

கூட்டம் வந்து மரநிழலில் நின்றது. குடைக்காரி குடையை உயர்த்தினாள்.

“இந்த வீட்ல பேய் கிடையாது. இத்தனை நாள் நான் சொன்னது அத்தனையும் புருடா. அப்படி ஒரு பெண் பிறக்கவே இல்லை.”

தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். “என்னம்மா இது அநியாயம்? பேயைக் காட்டறேன்னு இவ்வளவு தூரம் நடக்கவெச்சுட்டு இப்போ இல்லைங்கறீங்க. என் மூட்டுவலிக்கு யார் பதில் சொல்றது?”

கூட்டம் சிரித்தது.

மேலே ஜன்னல் படாரென்று திறந்தது. பாப்பா நின்றாள். ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் விரிந்த தலை.

“சித்தி! அப்படிச் சொல்லாதீங்க! அந்த அக்கா அழறாங்க. ‘நான் இல்லைன்னா, எங்கே போவேன்’னு கேக்கறாங்க. என் கையை விட மாட்டேங்கறாங்க!”

குழந்தையின் இடது கை பின்பக்கமாக இழுபட்டு, விறைத்து நின்றது. பிடித்திருக்க அங்கே யாரும் இல்லை. ஆனால் மணிக்கட்டில் மட்டும், அழுத்திப் பிடித்தாற்போல், விரல் விரலாகச் சதை வெளுத்திருந்தது.

“பிரமாதம்!” என்று பெரியவர் கைதட்டினார். “ஏற்பாடுன்னா இப்படி இருக்கணும்!” மற்றவர்களும் தட்டினார்கள். அக்கா படியேறி ஓடினாள். மாடிக் கதவு திறக்கவில்லை. அவள் அதை இடிக்கும் சத்தம் தெருவரை கேட்டது.

குடைக்காரிக்குச் சுரீரென்று உறைத்தது. கதையைப் பிடுங்கினால் அந்த ஜன்னல் பெண் பற்றிக்கொள்ள மிச்சமிருப்பது குழந்தையின் கை மட்டும்தான். இல்லை என்று சொல்லி அவளை விரட்ட முடியாது. வேறு இடம் காட்டினால்தான் போவாள்.

எந்த இடத்தை? எதிர் வீட்டுக் கொடியில் பச்சைக் குழந்தையின் சட்டைகள். பக்கத்து வீட்டு வாசலில் சின்ன சைக்கிள் சாய்ந்திருந்தது. எந்த வீட்டைக் கை காட்டினாலும் அங்கே ஒரு குழந்தை, ஒரு கை.

“மன்னிக்கணும்” என்றாள் உரக்க. “இப்போ சொன்னதுதான் பொய். அவ இருக்கா. ஆனா இனிமே இந்த வீட்ல இல்லை. இன்னிக்குக் காலி பண்ணிட்டுப் போறா.”

கைதட்டல் அடங்கியது. “எங்கே?” என்றார் பெரியவர்.

“தண்ணித்தொட்டிக்குப் பின்னால மஞ்சள் கேட் போட்ட வீடு. மாடியில ஒருத்தி தனியா இருக்கா. குழந்தை குட்டி கிடையாது. ஊருக்கெல்லாம் கதை சொல்லிட்டு வீட்டுக்குப் போனா, அவ பேச்சைக் கேக்க ஆள் இல்லை. அவ இவளைப் போகச் சொல்ல மாட்டா.” நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். “பச்சை ரிப்பன் கட்டிட்டு நேரா அங்கே வரலாம்.”

மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. பிறகு குழந்தையின் கை தொப்பென்று கீழே விழுந்தது. உள்ளே கதவு திறந்துகொண்ட சத்தம்.

“அம்மா, பசிக்குதும்மா!” என்று அழுதாள் பாப்பா.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்த அக்கா, தங்கையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த மஞ்சள் கேட் யாருடையது என்று அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“அடியே… என்ன காரியம்டி பண்ணினே?”

குடைக்காரி குடையை உயர்த்திக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். பின்னால் கூட்டத்தின் காலடிச் சத்தம். அதில் ஒரு ஜோடிக் கால்களுக்குச் செருப்பு இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

வெளிச்சம் மங்கும் வேளையில் வீடு வந்து சேர்ந்தாள். பூட்டிவிட்டுப் போன மஞ்சள் கேட் ஒருக்களித்திருந்தது. மாடி அறை ஜன்னலோரம், அவளுடைய நாற்காலியில், முதுகைக் காட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் பச்சை ரிப்பன் கட்டிய பின்னல். மறுபக்கத்துக் கூந்தல் தரைவரை வழிந்து கிடந்தது.

குடைக்காரி குடையை மூலையில் சாய்த்தாள். மேஜையிலிருந்து சீப்பை எடுத்தாள். குளிர்ந்த கூந்தலை அள்ளி மூன்றாகப் பிரித்தபோது, ஐஸ் போன்ற விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின.

“முழுசாப் பின்னிடாதே” என்றாள் அவள், திரும்பாமல். “பின்னிட்டா அடுத்த சனிக்கிழமை அவங்ககிட்ட என்ன சொல்லுவே?”